கிள்ளான் வழியாகப் போர்ட்டிக்சன்: மகளும் நானும் என் வயிற்றெரிச்சலும்

இந்தப் பயணம் ஏன் போனீர்கள் என்று கேட்டவர்களிடம் எல்லாம், "பள்ளி விடுமுறை, பிள்ளைக்குக் கடல் காட்டலாம்னு" என்றுதான் சொல்லி வைத்திருக்கிறேன். பொய். பொறாமையில் போனேன். வேறு காரணமே கிடையாது.

விவரம் இதுதான். நானும் என் மகள் தர்ஷினியின் அப்பாவும் பிரிந்து ஆறு வருடம் ஆகிறது. தர்ஷினி என்னோடு பிரிக்பீல்ட்ஸில் இருக்கிறாள். ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுபாங் ஜெயாவில் இருக்கும் அப்பா வீட்டுக்குப் போய் ஞாயிறு திரும்பி வருவாள். அங்கே அவருடைய இரண்டாவது மனைவி கோகிலா, தர்ஷினிக்கு 'ஆன்டி'. கோகிலா என்னை 'அக்கா' என்றுதான் கூப்பிடுவாள். யார் கேட்டார்கள் இந்த உறவுமுறையை? என் கைப்பேசியில் அவள் பெயரைக்கூட நான் போடவில்லை. 'சுபாங் ஜெயா' என்று பதிந்து வைத்திருக்கிறேன்.

தர்ஷினி வாசலைத் தாண்டிய கையோடு நான் வாய்ஸ் நோட் அனுப்ப ஆரம்பித்துவிடுவேன். குடை எங்கே, மாத்திரை எடுத்தாயா, ஈரத் துண்டைப் பையில் திணிக்காதே, இப்படி. எதற்கும் பதில் வராது. காற்றில் போகிற பேச்சு என்று எனக்கும் தெரியும். ஆனாலும் அனுப்புவேன்.

அவளுக்குப் பதினைந்து வயது. ரொம்பப் பதற்றப்படுகிற பிள்ளை. காரில் எங்காவது போகலாம் என்றால் முந்தின நாளே கேள்விகள் கிளம்பிவிடும். டயர் வெடித்தால்? கழிப்பறை இல்லாத இடத்தில் அவசரம் வந்தால்? லைன் கிடைக்காவிட்டால்? எல்லாவற்றுக்கும் என் பதில் ஒன்றுதான், "ஒன்னும் ஆகாதுலா." கடலுக்கென்று மூன்று முறை கிளம்பி மூன்று முறையும் பாதியில் திரும்பியிருக்கிறோம். ஒரு முறை கிள்ளானைக்கூடத் தாண்டவில்லை.

அப்படிப்பட்ட பிள்ளை போன விடுமுறையில் அவர்களோடு போர்ட்டிக்சன் கடற்கரைக்குப் போய் வந்தாள். முட்டிவரை கடலில் நின்று வாய்விட்டுச் சிரிக்கும் படம் ஒன்று எனக்கு வந்தது. அனுப்பியது கோகிலா. கீழே, 'அக்கா, பாருங்க நம்ம பிள்ளைய.' நம்ம பிள்ளையாம்! போதாக்குறைக்கு அவள் அப்பா போனில், "இங்க வந்தா கொஞ்சம் அமைதியாத்தான் இருக்கா லா" என்றார். வயிறு எரிந்தது என்றால் சும்மா பேச்சுக்கு இல்லை, மருந்துக் கடையில் வேலை செய்கிற நானே அன்று இரண்டு அல்சர் மாத்திரை போட்டுக்கொண்டேன்.

அதே கடல், அதே சிரிப்பு, பக்கத்தில் நான். அப்படி ஒரு படம் எனக்கு வேண்டும். அவர்கள் நெடுஞ்சாலையில் போனார்கள் என்பதால் நான் கடலோரச் சாலையில் கூட்டிப் போவது என்று கங்கணம் கட்டிக்கொண்டேன். யாரும் போட்டி வைக்கவில்லை. நானே வைத்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை 7.10க்குப் பிரிக்பீல்ட்ஸில் இருந்து கிளம்பினோம். என் வெள்ளை மைவி காருக்கு ஒன்பது வயது. நான்கு டயருக்கும் காற்று, தொட்டி நிறையப் பெட்ரோல். பின் சீட்டில் நாசி லெமாக், முறுக்கு, ரொட்டி, ஆரஞ்சு என்று ஒரு கடையே போடலாம். பிள்ளை பயந்தால் சாப்பாடு கொடுப்பதுதான் எனக்குத் தெரிந்த வைத்தியம். கூட்டரசு நெடுஞ்சாலையில் கிள்ளான் 33 கிலோமீட்டர், நாற்பது நிமிடம், டோல் இல்லை.

கிள்ளானில் தெங்கு கிளானா சாலைப் பக்கம் காலை ஒன்பதுக்கு முன் போனால் வண்டி நிறுத்த இடம் கிடைக்கும். இரண்டு தோசை, ஒரு வடை, ஒரு தே தாரிக், ஒரு மைலோ, 14 வெள்ளி 60 காசு. பரிமாறிய பையன், "எங்க ஆன்டி, ஊர் சுத்தவா?" என்று கேட்டான்.

"போர்ட்டிக்சன்."

"இந்தப் பக்கமாவா? ஹைவேல போனா சீக்கிரம்லா!"

தர்ஷினி என்னைப் பார்த்தாள். "பாத்தியாம்மா, அவரே சொல்றாரு." பாதித் தோசையோடு கையைக் கழுவிவிட்டாள். அந்தப் பையனை என்ன செய்யலாம் என்று எனக்கு ஆத்திரம் வந்தது.

கிள்ளானில் இருந்து பந்திங் 35 கிலோமீட்டர்தான், ஆனால் துறைமுக லோரிகள் புகுந்துவிட்டால் ஒரு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். எங்களுக்கு 55 நிமிடம் ஆனது. பந்திங் நுழைவதற்கு முன் வருகிற பெட்ரோல் நிலையத்தில் கழிப்பறை சுத்தமாக இருந்தது. எங்களைப் போன்ற குடும்பங்களுக்கு இது கோயில் இருக்கிற இடத்தைவிட முக்கியமான தகவல்.

அங்கிருந்து மோரிப் 14 கிலோமீட்டர். நாங்கள் போனபோது கடல் உள்வாங்கி, கண்ணுக்கு எட்டியவரை சேறு. இளநீர் ஒன்று 6 வெள்ளி. தர்ஷினி காரைவிட்டு இறங்கவில்லை. கண்ணாடியை இரண்டு விரல் அளவுக்கு இறக்கி, உறிஞ்சு குழாயை உள்ளே இழுத்துக் குடித்தாள்.

"இறங்கேன்டி, ரெண்டு நிமிஷம்."

"போர்ட்டிக்சன்ல இறங்குறேன்."

"அங்க ஆன்டியோட மட்டும் எப்படி இறங்குன?"

கேட்டிருக்கக் கூடாது. அவள் முகத்தைத் திருப்பிச் சேற்றைப் பார்த்தாள். இளநீர்க்கார அண்ணன்கூட என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

தஞ்சோங் சிப்பாட்டில் ஆவியில் வேகவைத்த பாவ் வாங்காமல் போகாதீர்கள் என்பார்கள். வாங்கினோம், நான்கு 8 வெள்ளி, நன்றாகத்தான் இருந்தது. தொந்தரவு அதற்குப் பிறகு ஒன்பதாவது கிலோமீட்டரில் வந்தது. இரண்டு பக்கமும் செம்பனைத் தோட்டம். கடை இல்லை, வீடு இல்லை, எதிரே ஒரு வண்டிகூட இல்லை. தர்ஷினி சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்தாள்.

"மா, நிறுத்து."

"இங்க எதுக்குடி? இன்னும் கொஞ்ச தூரம்தான்."

"நிறுத்துன்னு சொல்றேன்ல!"

ஓரம் கட்டினேன். அவளுக்கு மூச்சு வாங்கியது, உதடு வெளுத்திருந்தது, கையைத் தொட்டால் ஐஸ். நான் என்ன செய்தேன்? பேசினேன். தண்ணி குடி, ஒன்னும் ஆகாது, அம்மா இருக்கேன்ல, ஏசியக் கூட்டவா, சாமிய நெனச்சுக்கோ, முறுக்கு வேணுமா. முறுக்கு! மூச்சுத் திணறுகிற பிள்ளைக்கு முறுக்கு நீட்டிய தாய் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

"மா... ஆன்டிக்குப் போன் போடுறேன்."

"எதுக்கு? நான் இங்க குத்துக்கல்லு மாதிரி உக்காந்திருக்கேன்ல?"

அவள் கைப்பேசியை எடுத்துப் பார்த்தாள். லைன் இல்லை. அதைப் பார்த்ததும் அழுகையும் சேர்ந்துகொண்டது. என்னுடையது வேறு நிறுவனத்தின் சிம், இரண்டு கோடு காட்டியது. எனக்கும் லைன் இல்லை என்று சொல்லிவிடலாமா என்று தோன்றியது. உண்மையாகவே தோன்றியது. கைப்பேசியைத் தொடையோடு கவிழ்த்துக்கூட வைத்தேன். பிறகு அவள் உதட்டைப் பார்த்தேன், 'சுபாங் ஜெயா'வை அழுத்தினேன்.

"அக்கா? என்னாச்சு? பிள்ள நல்லா இருக்காளா?"

முதல் கேள்வியே அதுதான். "இந்தா, பேசு" என்று ஸ்பீக்கரில் போட்டேன்.

"தர்ஷி, எங்க நிக்கிற?"

"தெரியல ஆன்டி. செம்பனையா இருக்கு."

"சரி. நான் கத்தரிக்கா வெட்டிக்கிட்டு இருக்கேன். நீ பேச வேணாம். லைன்ல மட்டும் இரு."

அவ்வளவுதான். ஆறுதல் இல்லை, புத்திமதி இல்லை. பலகையில் கத்தி விழுகிற சத்தம். குழாய்த் தண்ணீர். எண்ணெயில் கடுகு. நான் இரண்டு முறை வாயைத் திறந்தேன், இரண்டு முறையும் தர்ஷினி கையைக் காட்டினாள். கொஞ்சம் கொஞ்சமாக அவள் தோள் இறங்கியது.

"என்ன கறி ஆன்டி?"

"புளிக்குழம்பு."

"யக்!"

"போடி, இங்க வந்தா அதத்தான் திங்கப் போற."

தர்ஷினி சிரித்தாள். பெற்றவள் குரலுக்கு அடங்காத பதற்றம், சுபாங் ஜெயாவில் யாரோ கத்தரிக்காய் வெட்டுகிற சத்தத்துக்கு அடங்குகிறது. காரைத் திருப்பிக்கொண்டு நேராகச் சுபாங்கிலேயே அவளை இறக்கிவிட்டு வந்துவிடலாம் என்று இருந்தது எனக்கு.

காற்று வேண்டும் என்று அவள் கதவைத் திறந்து இறங்கினாள். ஸ்பீக்கரை அணைத்துவிட்டுப் பல்லைக் கடித்துக்கொண்டு, "தேங்க்ஸ்" என்றேன்.

"அக்கா, வெச்சிராதீங்க. ஒன்னு கேக்கணும். போர்ட்டிக்சன்ல அவ எப்படிக் காரவிட்டு எறங்குனான்னு உங்ககிட்டச் சொன்னாளா?"

"இல்ல."

"எறங்கவே மாட்டேன்னுட்டா. அவங்கப்பா கெஞ்சிப் பாத்தாரு, நான் கையப் புடிச்சுக்கிட்டுப் பக்கத்துலயே உக்காந்திருந்தேன். ம்ஹூம். அப்புறம் உங்க வாய்ஸ் நோட்ட எடுத்துப் போட்டா."

"என் வாய்ஸ் நோட்டா?"

"குடைய எங்கடி வெச்ச, ஈரத் துண்ட பையில திணிக்காதன்னு திட்டுவீங்கல்ல, அதான். ஒரே நோட்ட நாலஞ்சு தடவ கேட்டா. அப்புறம் தானா கதவத் தெறந்து எறங்கிப் போய்ட்டா. பக்கத்துல நான் ஒருத்தி உக்காந்திருக்கேன்! எனக்கு எப்படி எரிஞ்சிருக்கும், சொல்லுங்கக்கா?"

படிக்கிற நீங்கள் நான் நெகிழ்ந்துபோனேன் என்று நினைப்பீர்கள். முதலில் வந்தது அது இல்லை. சந்தோஷம். அவளுக்கும் எரிந்திருக்கிறது! சிரிக்கிற படத்தை அனுப்பியபோதே எரிந்திருக்கிறது! நெகிழ்ச்சியெல்லாம் அதற்குப் பிறகு மெதுவாகத்தான் வந்தது, வந்தபோது கண்ணைத் துடைக்க வேண்டியிருந்தது.

"புளிக்குழம்புல கடைசியா துளி வெல்லம் போடு கோகிலா. அப்பத்தான் அவ சாப்பிடுவா" என்றேன். அவள் பெயரை அவளிடமே சொன்னது அதுதான் முதல் முறை. அவளும் கவனித்திருப்பாள், கரண்டிச் சத்தம் சட்டென்று நின்றது.

அங்கிருந்து சுங்கை பீலேக், லுக்குட் வழியாகப் போர்ட்டிக்சன் ஏறக்குறைய 55 கிலோமீட்டர். அவ்வளவு தூரமும் நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையிலேயே கஷ்டமான ஓட்டம் அதுதான். தர்ஷினி பாதி வழியில், "மா, உனக்கு ஒடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள்.

1.40க்குக் கடற்கரை. வண்டி நிறுத்த 3 வெள்ளி. எஞ்சினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். இறங்கு என்று சொல்லவில்லை. கொஞ்ச நேரம் கழித்து அவளே இறங்கினாள். கணுக்கால்வரை தண்ணீரில் நின்றோம். பெரிய அலை ஒன்று வந்து என் ஒரு செருப்பை இழுத்துக்கொண்டு போக, நான் ஒற்றைக் காலில் அதைத் துரத்த, சிரித்தாள் பாருங்கள், அந்தச் சிரிப்பு! படத்தில் பார்த்ததைவிட நீளம். படம் எடுக்கத்தான் ஆளில்லை. நான் செருப்போடு போராடிக்கொண்டிருந்தேன்.

கரையில் உட்கார்ந்து ஆறிப்போன பாவைத் தின்றபோது கேட்டேன். "வாய்ஸ் நோட்டு விஷயத்த ஏன்டி எங்கிட்டச் சொல்லல?"

"நீ கேக்கலையே. ஆன்டி என்ன சமைச்சாங்க, என்ன வாங்கிக் குடுத்தாங்கன்னுதான கேப்ப."

"சரி. பக்கத்துலயே நான் இருக்கறப்ப மட்டும் ஏன் அவ வேணும் உனக்கு?"

அவள் மணலைக் கிளறிக்கொண்டே யோசித்தாள். "பக்கத்துல இருந்தா நீ பயப்படுறது எனக்குத் தெரியுதும்மா. என்னவிட அதிகமாப் பயப்படுற. வாய்ஸ் நோட்டுல நீ பயப்படல. திட்ட மட்டுந்தான் செய்யுற."

'ஒன்னும் ஆகாதுலா' என்று இத்தனை வருடம் நான் யாருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் புரிந்தது.

இருவருமாகச் சேர்ந்து ஒரு படம் எடுத்தோம். தர்ஷினி அதை முதலில் கோகிலாவுக்கு அனுப்பினாள், எனக்கு இரண்டாவதாக வந்தது. எரிந்தது. இல்லை என்று சொன்னால் நம்பவா போகிறீர்கள்?

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். மொத்தம் 168 கிலோமீட்டர், நிறுத்தி நிறுத்திப் போனால் ஆறரை மணி நேரம். திரும்பும்போது சிரம்பான் நெடுஞ்சாலையில் வந்துவிடுங்கள், ஒன்றரை மணி நேரத்தில் பிரிக்பீல்ட்ஸ். மோரிப்பில் கடலைப் பார்க்க வேண்டுமானால் கடல் ஏறும் நேரத்தை முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் சேறுதான். தஞ்சோங் சிப்பாட்டுக்கும் சுங்கை பீலேக்குக்கும் இடையில் சில இடங்களில் லைன் விட்டுவிட்டுத்தான் வரும், அதனால் காரில் இரண்டு வேறு நிறுவன சிம் இருப்பது நல்லது. பதற்றப்படுகிற பிள்ளையோடு போனால் சாப்பாட்டைக் குறையுங்கள், பேச்சை அதைவிடக் குறையுங்கள். அப்புறம், பிள்ளை உங்களை விட்டுவிட்டு வேறு யார் குரலையாவது கேட்டால் போன் போட்டுக் கொடுத்துவிடுங்கள். எரியும். எரிந்தால் என்ன, வண்டி ஓட்ட அது தடையில்லை.

இதை எழுதி முடித்துப் போடலாம் என்று இருந்தபோது, நேற்று மருந்துக் கடையில் வேலையில் இருக்கையில் கோகிலாவிடமிருந்து செய்தி வந்தது. தர்ஷினியோடு பினாங்கு போகிறார்கள், கடல் மேல் போகும் பாலத்துக்கு முன்னால் காரை நிறுத்தியிருக்கிறார்கள். 'அக்கா, பழசெல்லாம் கேட்டு முடிச்சுட்டா. புதுசா ஒன்னு அனுப்புங்க. நல்லாத் திட்டி.'

வரிசையில் நான்கு பேர் நின்றார்கள். "ஒரு நிமிஷம் அங்கிள்" என்று முதலில் நின்றவரிடம் சொல்லிவிட்டு, பின்னால் மருந்துப் பெட்டிகள் அடுக்கியிருக்கும் அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். தொண்டையைக் கனைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன்.

"ஏன்டி தர்ஷினி, குடைய மறுபடியும் வீட்டுலயே வெச்சுட்டுப் போயிட்டியே, மண்டையில என்னதான் இருக்கு உனக்கு?"