புதுப்பட்டினத்தில் குடி மறக்க ஓர் இடம்

தொண்ணூறுகளின் கடைசியில் செங்கல்பட்டில் ஓர் அறக்கட்டளையில் வேலை பார்த்தேன். குடியிலும் போதை மருந்திலும் சிக்கிய பெரியவர்களுக்கு அவரவர் ஊரிலேயே சிகிச்சை கிடைக்க வேண்டும் என்பது எங்கள் திட்டம். நாங்களே நடத்த மாட்டோம். நடத்தத் தகுந்தவர்களைத் தேடிப் பிடித்து, பணம் கொடுத்து, ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துக்கொள்வோம். அந்தத் தேடிப் பிடிக்கிற வேலை என்னுடையது. இதை அம்மாவுக்குப் புரியவைக்கவே முடியவில்லை. என்னைப் பெண் பார்க்க வந்தவர்களிடம், "இவளுக்குக் குடிகாரங்களோடதான் வேலை" என்று சொன்னவள், அவர்கள் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, "ஆனா இவ குடிக்க மாட்டா" என்று அவசரமாகச் சேர்த்துக்கொண்டாள்.

முதல் மையம் புதுப்பட்டினத்தில் என்று முடிவாயிற்று. இரண்டு குழுக்கள் முன்வந்தன. ஒன்று, சென்னையிலிருந்து ஒரு டாக்டரின் குழு. மற்றது ஊரப்பாக்கத்துக் குழு; ஓய்வுபெற்ற நர்ஸம்மா ஒருவரும், குடியை விட்டொழித்த முன்னாள் லாரி டிரைவர் ஒருவரும் சேர்ந்து நடத்தியது. எங்கள் தலைவரும் டாக்டராக இருந்து ஓய்வுபெற்றவர். "இதுல யோசிக்க என்னம்மா இருக்கு? சென்னைக்காரங்களையே போட்டுடலாம்" என்றார். "ரெண்டு பேரும் அந்த ஊர்க்காரங்ககிட்ட ஒரு தடவை பேசட்டும் சார்" என்றேன். சரி என்றார்.

முதலில் சென்னை டாக்டர் வந்தார். சமுதாயக் கூடத்தின் ஜன்னல்களை அடைத்து, சுவரில் படம் காட்டினார். கெட்டுப்போன ஈரல் ஒன்று சுவர் முழுக்க நிறைந்தது. முன்வரிசையில் கட்டுமரக்காரர் ஒருவர் கையைத் தூக்கினார்.

"இது ஆட்டு ஈரலா, மாட்டு ஈரலா டாக்டரு?"

"மனுஷ ஈரல்."

"அதான் பாத்தேன். நம்ம கறிக்கடைல இந்த சைஸு கெடைக்காது."

டாக்டர் சிரிக்கவில்லை. நல்ல மனிதர்தான், அக்கறையோடுதான் பேசினார். ஆனால் டீ வந்து தீர்ந்ததும் கூட்டமும் தீர்ந்தது. நான் பஸ்ஸுக்குப் போகிற வழியில், ஒயின் ஷாப் வாசலில் அதே கட்டுமரக்காரர் நின்றிருந்தார். என்னைப் பார்த்ததும் சங்கடமாகத் தலையைச் சொறிந்தார்.

"அந்தப் படத்தப் பாத்து மனசே பேஜாராயிடுச்சு மேடம். அதான்..."

அடுத்த வாரம் ஊரப்பாக்கத்துக்காரர்கள் வந்தார்கள். வெக்கையாக இருக்கிறதென்று நர்ஸம்மா ஜன்னல்களைத் திறந்துவிட்டார். டிரைவர் எழுந்து, "குடிச்சுட்டு லாரிய எங்க நிறுத்துனேன்னு மறந்துட்டு ஊர் ஊரா தேடினவன் நான்" என்று ஆரம்பித்தார். அவ்வளவுதான், போட்டி தொடங்கிவிட்டது. ஒருவர் மாமனாரைத் திருடன் என்று கட்டிப்போட்ட கதையைச் சொன்னார். கட்டுமரக்காரர் விடுவாரா?

"அது இன்னா அண்ணாத்த பெரிய விஷயம்? நானு கட்டுமரத்த நடுக்கடல்ல வுட்டுட்டு, நீந்தியே கரைக்கு வந்தவன்!"

"பொய்யி!" என்று ஜன்னலுக்கு வெளியிலிருந்து ஒரு குரல் வந்தது. அவர் மனைவி. மீன் கூடையோடு நின்றிருந்தாள். "கட்டுமரம் கரையிலதான் கெடந்துச்சு. இந்த ஆளு மணல்ல நீச்சல் அடிச்சுகினு இருந்துச்சு!"

கூடமே அதிர்ந்தது. கட்டுமரக்காரரும் சேர்ந்து சிரித்தார். வெளியே இன்னும் நாலைந்து பெண்கள் நிற்பதை அப்போதுதான் கவனித்தேன். நர்ஸம்மா எல்லோரையும் உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தார். சிரிப்பு அடங்கியதும், "இவர் நிறுத்திப் பாத்ததே இல்லையாம்மா?" என்று அந்த மனைவியைக் கேட்டார்.

அவள் கூடையைக் கீழே வைத்தாள். "நிறுத்துச்சு நர்ஸம்மா. கையி நடுங்குச்சு. ஒரு தபா வலிப்பே வந்துடுச்சு. செத்துடப் போவுதுன்னு பயந்துகினு நானே போயி வாங்கியாந்து குடுத்தேன்."

கட்டுமரக்காரர் தரையைப் பார்த்தார். ஒரேயடியாக நிறுத்தினால் சிலருக்கு அப்படி ஆகும், அதற்கு மருந்து உண்டு, முதல் சில நாள் ஆஸ்பத்திரியில் இருந்தால் பயமில்லை என்று நர்ஸம்மா நிதானமாகச் சொன்னார். நிஜமாகவே பயமில்லையா என்று அவள் இரண்டு தரம் திருப்பிக் கேட்டாள். அன்று டீ வந்ததையே யாரும் கவனிக்கவில்லை.

தலைவரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். "வலிப்பு வந்ததை அந்தம்மா டாக்டர்கிட்ட ஏன் சொல்லல?" என்று கேட்டார்.

"அன்னிக்குப் பொம்பளைங்களை யாரும் உள்ள கூப்பிடல சார்."

தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். பிறகு, ஊரப்பாக்கத்துக்காரர்கள் நடத்தட்டும், சென்னை டாக்டர் வாரம் இருமுறை வந்து மருந்து எழுதித் தரட்டும் என்றார். டாக்டரும் மறுக்கவில்லை. படங்களை மட்டும் கொண்டுவர வேண்டாம் என்று நான்தான் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருந்தது.

மையம் திறந்தது. கட்டுமரக்காரர் ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்து வந்தார். ஆடித் திருவிழாவில் மறுபடி குடித்தார். தலையைக் குனிந்துகொண்டு திரும்பி வந்தவரிடம் நர்ஸம்மா, "உட்காருங்க, சாப்பிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு அவர் குடித்ததாக நான் கேள்விப்படவில்லை. மற்றவர்களில் சிலர் தேறினார்கள். சிலர் வருவதை நிறுத்திவிட்டார்கள்.

தேறியவர்களுக்கு வேறொரு தொல்லை வந்தது. சாயங்காலத்தை என்ன செய்வதென்று தெரியவில்லை. கேரம் போர்டு கேட்டார்கள். "இது சிகிச்சையில சேருமா?" என்றார் தலைவர். "மாத்திரையைவிட மலிவு சார்" என்றேன். வாங்கிக் கொடுத்தோம்.

ஒரு மாதம் கழித்துப் போனபோது கட்டுமரக்காரரின் மனைவி என்னை வாசலிலேயே மடக்கினாள்.

"இன்னா மேடம் இது அநியாயமா கீது? குடிச்சுகினு இருந்தப்பகூட எட்டு மணிக்கு வூட்டாண்ட வந்து வுழுந்துடும். இப்ப ஒம்போது ஆவுது, பத்து ஆவுது! கேரம், கேரம்!"

கணவரைக் கையோடு கூட்டிப் போவதென்று விடுவிடுவென்று உள்ளே போனாள். அங்கே ஆட்டத்துக்கு ஓர் ஆள் குறைவாக இருந்தது. "நீதான் குந்தேன்மே" என்றார் அவர். முறைத்துக்கொண்டே உட்கார்ந்தவள், மூன்றாவது அடியில் சிவப்புக் காயைக் குழியில் தள்ளி, கையோடு அதற்கு ஃபாலோ காயையும் போட்டாள். நான் கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பும்போதும் அவர்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தார்கள்.