படகோட்டியின் புகார்

இது நடந்தது இரண்டாயிரத்து மூன்று, நான்கு வாக்கில், திருவொற்றியூரில். நெடுஞ்சாலை ஓரம் ஒரு மளிகைக் கடையின் மாடியில் இருந்த பிரவுசிங் சென்டரில் நான் வேலை பார்த்துக்கொண்டிருந்தேன். தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து கடை போட்ட அண்ணாச்சி ஒருவர்தான் கீழே அரிசி பருப்புக்கும் மேலே கம்ப்யூட்டர்களுக்கும் முதலாளி. துறைமுகத்துக்குப் போகும் கண்டெய்னர் லாரிகள் வாசலில் வரிசைகட்டி நிற்கும். அவை நகரும்போதெல்லாம் மேஜை அதிரும். டிகிரி முடித்துவிட்டு வேறு வேலை தேடிக்கொண்டிருந்த எனக்கு அங்கே ஒரே ஒரு சலுகை உண்டு. கூட்டமில்லாத மத்தியான நேரத்தில் இணையத்தை நான் இஷ்டத்துக்குப் பயன்படுத்தலாம். அண்ணாச்சி கண்டுகொள்ள மாட்டார்.

அப்படித்தான் அந்த விளையாட்டு என் கண்ணில் பட்டது. வளைகுடாவில் வேலை பார்த்த ஒரு தமிழ் இன்ஜினியர் தொடங்கிய தளம் அது. படம் கிடையாது, சத்தம் கிடையாது, எல்லாம் எழுத்துதான். ராஜா காலத்துத் துறைமுகப் பட்டினம் ஒன்றை அவர் கற்பனையில் கட்டியிருந்தார். சேருகிறவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொள்ள வேண்டும். ஒருவர் வணிகர், ஒருவர் தளபதி, ஒருவர் வைத்தியர். அந்த ஆள் என்ன செய்கிறான், என்ன பேசுகிறான் என்று எழுத வேண்டும். அதற்கு அடுத்தவர் பதில் எழுதுவார். மலேசியா, சிங்கப்பூர், கனடா என்று எங்கெங்கோ இருந்தவர்கள் எழுதியெழுதி அந்தப் பட்டினம் வளர்ந்துகொண்டே போனது.

நான் விளையாடியதைவிட அங்கே சண்டை தீர்த்ததுதான் அதிகம். எனக்குப் பொறுமை இருக்கிறது என்று நினைத்தாரோ என்னவோ, அந்த இன்ஜினியர் புகார்ப் பகுதியை, பதிவுகளை மாற்றவும் ஆட்களை நீக்கவும் உள்ள அதிகாரத்தோடு, என்னிடம் ஒப்படைத்துவிட்டார். "நான் தூங்கும் நேரம் பார்த்து என் குதிரையைத் திருடிவிட்டார்" என்று ஒருவர் எழுதுவார். "என் கப்பலை மூழ்கடித்தது செல்லாது, அந்த மாதத்தில் புயலே வராது" என்று இன்னொருவர் சண்டைக்கு வருவார். சிரிப்பாக இருந்தாலும் எல்லாவற்றையும் படித்து எல்லாருக்கும் பதில் சொல்வேன். யார் புகாரும் பதில் இல்லாமல் கிடக்கக் கூடாது என்பதில் எனக்கு ஒரு பிடிவாதம் இருந்தது.

ஒருநாள் அந்தப் பகுதியைத் திறந்தால், முழுக்க வசை. படகோட்டி வேஷத்தில் எழுதும் ஒருவர் நிர்வாகியை, அதாவது அந்த இன்ஜினியரை, அவருடைய தாயாரையும் இழுத்து வைது தள்ளியிருந்தார். வசைகளுக்கு நடுவில் ஒரு கேள்வி மட்டும் தெளிவாக இருந்தது. "உங்க ஊர்ல திருடனும் குடிகாரனும் எங்க பாஷ பேசுனா சிரிச்சுகினு உட்ருவீங்க. நான் அழுதா மட்டும் திருத்துவீங்களா? இன்னா நாயம் இது?"

என்ன நடந்தது என்று தேடிப் போய்ப் பார்த்தேன். முந்தின நாள் விளையாட்டில் ஒரு புயல் வந்திருந்தது. படகோட்டியின் தம்பி கடலில் போய்விடுகிறான். உடலைக் கரையில் போட்டுக்கொண்டு படகோட்டி அழுகிற இடம். அங்கே இப்படி இருந்தது: "எழுந்திரு தம்பி. உணவு ஆறிவிட்டது. உண்ணாமலே சென்றுவிட்டாயே." அதன் கீழே, 'நிர்வாகியால் திருத்தப்பட்டது' என்று ஒரு வரி.

திருத்துவதற்கு முன் இருந்தது எங்கே என்று பார்த்தால், கேலி செய்த ஒருவருடைய பதிலில் கிடைத்தது. சிரிப்பதற்காக அந்த வரிகளை அப்படியே எடுத்துப் போட்டிருந்தார். "எய்ந்து வா நைனா. சோறு ஆறிப்பூடுது. துன்னாமயே பூட்டியே நைனா."

அதை இரண்டு முறை படித்தேன். என் வீட்டிலும் இதே பேச்சுதான்; பிள்ளையையும் தம்பியையும் 'நைனா' என்றுதான் கூப்பிடுவோம். எங்கள் தெருவில் எந்தச் சாவு வீட்டுக்குப் போனாலும் இதே குரல்தான் கேட்கும். அதற்குக் கீழே வரிசையாகச் சிரித்துவைத்திருந்தார்கள். ராஜா காலத்து விளையாட்டில் கொச்சைத் தமிழ் வேண்டாமே என்று ஒருவர் அறிவுரை வேறு சொல்லியிருந்தார். அவருடைய கதாபாத்திரமே சாராயக் கடையில் இதே பாஷையில் உளறிக்கொண்டிருந்ததுதான் வேடிக்கை.

நான் இரண்டு காரியம் செய்தேன். கேலி செய்தவரின் பதிலிலிருந்து அந்த வரிகளை எடுத்து, பழைய இடத்திலேயே இருந்தபடி திரும்ப வைத்தேன். பிறகு படகோட்டிக்குத் தனி மடல் போட்டேன். நீங்கள் எழுதியது நீங்கள் எழுதிய மாதிரியே இருக்கும், ஆனால் நிர்வாகியின் தாயாரைப் பற்றி எழுதியதை நீங்கள் எடுத்துவிட வேண்டும், இரண்டும் வேறு வேறு விஷயம் என்றேன். உடனே பதில் வந்தது. "முடியாது. இன்னா பண்ணுவ?"

மறுநாள் மத்தியானம் சென்டர் போனுக்கு வளைகுடாவிலிருந்து அழைப்பு. இன்ஜினியரிடம் அதுவரை கணினி வழியாகத்தான் பேசியிருந்தேன். குரல் அமைதியாகத்தான் இருந்தது.

"என் அம்மாவைத் திட்டியிருக்கான். நீங்க அவன் எழுதினதைத் திரும்ப வெச்சிருக்கீங்க. இது என்னங்க நியாயம்?"

"திட்டினது தப்புங்க. அதை எடுக்கச் சொல்லியிருக்கேன். ஆனா அவர் எழுதினதை நாம மாத்தினதும் தப்புதானே?"

"தரம்னு ஒண்ணு வேண்டாமா? அவனை நீக்கிடுங்க."

"புகார் சொன்னதுக்காக ஒருத்தரை நீக்கினா, அப்புறம் அந்தப் பகுதி எதுக்குங்க?"

"ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அவன் வெளிய போகணும். இல்லன்னா நான் தளத்தையே மூடிடுவேன். இடம் என்னோடது" என்று சொல்லிவிட்டு வைத்தார்.

எத்தனையோ பேர் மாதக்கணக்கில் எழுதிய பட்டினம் அது. யாரென்றே தெரியாத, வாய்க்கு வந்தபடி பேசுகிற ஒரு ஆளுக்காக அத்தனையும் போக வேண்டுமா என்று யோசித்தேன். நீக்குவதற்கு ஒரு பொத்தானை அழுத்தினால் போதும். ஆனால் அந்த மூன்று வரியைப் படித்த பிறகு அதை அழுத்த எனக்கு மனம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை சாயங்காலம், ஒயர் கூடையைக் கையில் மாட்டிக்கொண்டு ஒரு பெண் மாடியேறி வந்தார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஆபீஸ் விட்டு நேராக வந்த களைப்பு முகத்தில் தெரிந்தது. உட்காராமல் சுற்றிப் பார்த்தார்.

"இங்க புகார் கேக்குற ஆளு யாரு? அந்த ராஜா விளாட்டுல?"

"நான்தான்" என்றேன்.

"நீயா? நான் எவனோ ஆம்பளன்னு நெனச்சுகினு, நாலு வார்த்த கேக்கலாம்னு வந்தேன்மே."

எனக்குப் புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. நாங்கள் எல்லோரும் 'அண்ணே' என்று கூப்பிட்டுக்கொண்டிருந்த படகோட்டி இவர்தான். திருவொற்றியூரில் ஒரு மளிகைக் கடை மாடியில் இருந்து எழுதுகிறேன், லாரி போனால் மேஜை ஆடும் என்று நான் எப்போதோ அரட்டையில் சொன்னதை வைத்துக் கண்டுபிடித்து வந்திருக்கிறார்.

"நானும் உன்ன ஆம்பளன்னுதாங்க்கா நெனச்சுகினு இருந்தேன்" என்றேன். வேலை செய்யும் இடத்தில் நான் அப்படிப் பேசுவதே இல்லை. அன்றைக்கு வாயிலிருந்து தானாக வந்துவிட்டது. அவர் என்னை ஒரு மாதிரி உற்றுப் பார்த்தார். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

வியாசர்பாடியில் வீடு. ராயபுரத்தில், துறைமுகச் சரக்குக்குக் கஸ்டம்ஸ் வேலை முடித்துக் கொடுக்கும் ஒரு கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் டைப்பிஸ்ட். சாப்பாட்டு வேளையில் அங்கேயே உட்கார்ந்து விளையாடுவாராம். தண்ணீர் கொடுத்தேன். குடித்துவிட்டுச் சொன்னார்.

"அது கத இல்லமே. எங்க அண்ணன் ஹார்பர்ல லோடு எறக்கப் போனவன், தண்ணில வுயுந்து பூட்டான். வூட்ல கொண்டாந்து போட்டப்போ எங்கம்மா சொன்னது அது. அத அப்டியே எழுதினேன். அத்தப் போய் திருத்தி வெச்சுகீறான். உணவு ஆறிவிட்டதாம். எங்கம்மா அப்டியா பேசுச்சு?"

கீழே அண்ணாச்சி யாருடனோ வெல்லத்தின் விலைக்கு வாதாடிக்கொண்டிருந்தார்.

அப்போது விட்டுக்கொடுப்பது எனக்குச் சுலபம். திட்டியது இருந்துவிட்டுப் போகட்டும், உங்கள் மேல் தப்பே இல்லை அக்கா என்று சொல்லியிருந்தால் அவர் சந்தோஷமாகப் போயிருப்பார். ஆனால் அது சரியில்லை என்று பட்டது.

"அக்கா, உங்கம்மா சொன்னது அங்க நிக்கணும். நான் எடுக்க வுட மாட்டேன். ஆனா நீ அவரோட அம்மாவத் திட்டினது நிக்கக் கூடாது. அது இருக்கற வரிக்கும் அத்தப் பத்தியே பேசுவாங்க. நீ கேட்டத எவனும் கேக்க மாட்டான்."

"முடியாது."

"அவருக்கும் அம்மா கீறாங்க இல்ல?"

அவருக்குக் கோபம் வந்துவிட்டது. எழுந்தேவிட்டார். வாசல் வரை போய், அங்கேயே கொஞ்ச நேரம் லாரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றார். திரும்பி வந்து, "எந்த மிசினு?" என்று கேட்டார். ஓரமாக இருந்ததைக் காட்டினேன். வசை முழுவதையும் எடுத்துவிட்டு, அந்த இடத்தில் ஒரே வரி அடித்தார். "திட்டுனது தப்பு. கேட்டது தப்பில்ல." என்னைத் திரும்பிப் பார்த்து, "இதுக்கு மேல என்னால எறங்க முடியாது" என்றார். அது போதும் என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை என் முடிவை எல்லோரும் பார்க்கும்படி எழுதினேன். யாருடைய எழுத்தையும் நிர்வாகம் திருத்தாது. புகார் சொல்பவர் யாரையும் வசை பாடக் கூடாது. திட்டியதற்குப் படகோட்டி வருத்தம் சொல்லிவிட்டார், எழுத்தை மாற்றியதற்கு நிர்வாகத்தின் சார்பில் நான் மன்னிப்புக் கேட்கிறேன். சாயங்காலம் வரை சிலர் ஆதரித்தார்கள், பலர் வெளுத்து வாங்கினார்கள். நான் ஒருதலைப்பட்சம் என்றார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுதினேன்.

திங்கட்கிழமை காலையில் தளம் திறக்கவில்லை. சொன்னபடியே மூடிவிட்டார்.

அன்று முழுக்க எனக்கு வேலையே ஓடவில்லை. அழுகையைவிட ஆத்திரம்தான் அதிகம் வந்தது. சாயங்காலம் படகோட்டி அக்கா போன் செய்தார். "என்னாலதான பேஜாரு?" என்றார். அவர் குரல் உடைந்திருந்ததைக் கேட்டதும் எனக்கு ஒரு வீம்பு வந்தது. இலவசமாக மன்றம் நடத்த இடம் கொடுக்கும் தளங்கள் அப்போது இருந்தன. அதில் ஒன்றைப் பிடித்தேன். மலேசியாவிலிருந்து விளையாடிய ஒரு பெண் பழைய பக்கங்களில் பாதியைச் சேமித்து வைத்திருந்தார். அதைக் கொண்டு மறுபடி அந்தப் பட்டினத்தை எழுப்பினோம். அக்கா சாப்பாட்டு வேளையில் டைப் அடித்து அடித்து அனுப்புவார். முன்பு இருந்தவர்களில் கொஞ்சம் பேர்தான் வந்தார்கள். பரவாயில்லை என்று தொடங்கினோம்.

புதிய இடத்தின் புகார்ப் பகுதியில் முதல் புகார் யாருடையது தெரியுமா? அந்த இன்ஜினியருடையது. அவர் கற்பனையில் உருவாக்கிய ஊர், அவர் வைத்த தெருப் பெயர்கள், அவர் வகுத்த விதிகள், இதையெல்லாம் ஒரு வார்த்தை கேட்காமல் எடுத்துக்கொண்டோம் என்று எழுதியிருந்தார்.

அக்காவுக்கு ஒரே கொதிப்பு. "மூட்னவன் அவன்தான? அவனுக்கு இன்னாத்துக்கு பதிலு? தூக்கிப் போடு" என்றார். எனக்கும் அதே ஆசைதான். ஆனால் எத்தனை முறை படித்தாலும் அவர் கேட்டதில் தப்பில்லை. நாங்கள் கேட்டிருக்க வேண்டும். பிடித்தவருக்காக நிற்பது ஒன்றும் பெரிய கஷ்டம் இல்லை என்பது அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது. யார் மேல் ஆத்திரம் வருகிறதோ, அவருடைய புகாரை நேராக வைத்துப் படிப்பதுதான் கஷ்டம்.

எல்லோரும் பார்க்க அங்கேயே பதில் போட்டேன். உங்கள் புகார் சரி, கேட்காமல் எடுத்தது எங்கள் தப்பு, அனுமதி தந்தால் உங்கள் பெயரை முகப்பில் போட்டு நடத்துகிறோம், தராவிட்டால் இந்த ஊரை விட்டுவிட்டு வேறு ஊர் கட்டிக்கொள்கிறோம் என்று எழுதினேன். அக்கா என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

பதில் வர நாளாயிற்று. "நடத்துங்கள்" என்ற ஒரே சொல்தான் வந்தது. அவர் விளையாட வரவே இல்லை. வருத்தமும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். இருந்தாலும் அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு எங்கள் ஆட்கள் தலை நிமிர்ந்து எழுதினார்கள். மெல்ல மெல்ல அந்தப் பட்டினத்தில் வைத்தியர் மதுரைப் பேச்சு பேசினார், தளபதி யாழ்ப்பாணத் தமிழ் பேசினார். அக்காவும் ஒருநாள் வந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி, தன் குதிரையைத் திருடிய ஒருவர் மேல் புகார் கொடுத்தார்.

இரண்டு மூன்று வருஷம் ஓடியது அந்த விளையாட்டு. பிறகு ஒவ்வொருவராக வேறு வேலை, வேறு தளங்கள் என்று கலைந்துபோனார்கள். இப்போது நான் வேறொரு நிறுவனத்தில் வாடிக்கையாளர் குறை கேட்கும் பிரிவில் இருக்கிறேன். காது கூசும்படி பேசுகிறவர்கள் தினமும் வருகிறார்கள். சத்தத்தைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு, இந்த ஆள் உண்மையில் என்ன கேட்கிறார் என்று தேடுவதை அந்த ஒரு வாரத்தில் கற்றுக்கொண்டேன். எனக்குப் பிடிக்காதவர் எதிரே வந்து நிற்கும்போதெல்லாம் அதை முதலிலிருந்து மறுபடி கற்க வேண்டியிருக்கிறது.