ஐரீன் வார்த்த பலகை

காசிமேட்டுப் படகுப் பட்டறை ஒன்றில் எபாக்சி பிசின் கலக்குவது ஐரீனின் வேலை. இரண்டு பங்கு பிசின், ஒரு பங்கு இறுக்கும் மருந்து. நிதானமாகக் கிண்டி, அது இறுகுவதற்குள் படகின் விரிசலில் பூசிவிட வேண்டும். ஆறு வருஷத்தில் அவள் கலந்த பிசினை நம்பிக் கடலுக்குப் போன எந்தப் படகும் ஒழுகியதில்லை. அந்தப் பெருமையை அவள் யாரிடமும் மறைத்ததும் இல்லை.

பட்டறையில் நாள் முழுக்க நின்று வேலை. ராயபுரத்து வீட்டுக்கு வந்தால் குந்தித்தான் ஆக வேண்டும். ஸ்டவ் தரையில், அரிவாள்மனை தரையில், அம்மியும் தரையில். எழுபத்து நாலாம் வருஷத்துக் கோடையில் ஒருநாள், சங்கரா மீனை ஆய்ந்துவிட்டு எழுந்தவளுக்கு முட்டி மளுக்கென்றது. சுவரைப் பிடித்தபடியே சத்தம் போட்டாள்.

"இனிமே இந்த வூட்ல நான் நின்னுகினுதான் சமைப்பேன். பலகையில மேடை ஒண்ணு செய்யப்போறேன்."

புருஷன் சவரிநாதன் துறைமுகத்தில் கிளார்க். ஞாயிறு பூசையில் காணிக்கைப் பை பிடிக்கிற பெரிய மனுஷன். அவனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

"பலகையில மேடையா? இன்னாமே, கறிக்கடை வெக்கப்போறியா?"

"செஞ்சி காட்டுனா இன்னா பண்ணுவே?"

"ஒரு மாசம் நானே மீன் ஆயுறேன். போதுமா?"

"நான் சாட்சி அக்கா!" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து பக்கத்து வீட்டு சாபிராவின் குரல் வந்தது. சவரிநாதன் அதற்குப்பின் பேச்சை மாற்ற முடியாமல் போனது அவளால்தான்.

பழைய மரக்கடை காத்தூன் பீவியிடம் கப்பல் பெட்டிகளைப் பிரித்த பலகைகள் கிடந்தன. ஐரீன் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, வளைந்ததைத் தள்ளி, பதினாலு சட்டங்கள் பொறுக்கினாள். அவற்றை ஒரே அளவாக அறுத்து, விளிம்போடு விளிம்பாகப் பிசின் தடவிச் சேர்த்தாள். இறுக்கிப் பிடிக்கக் கருவி கிடையாது. வலைக்கயிற்றை இரண்டு சுற்று சுற்றி, நடுவில் கட்டை செருகி முறுக்கினாள். காய்ந்ததும் இழைத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்தாள். தெருவே வந்து தடவிப் பார்த்துவிட்டுப் போயிற்று. சவரிநாதன் மட்டும் பேப்பரை விட்டுத் தலை நிமிரவில்லை.

அடுத்தது மேல்பூச்சு. பட்டறை மேஸ்திரி மாரியப்பன், நாள்பட்ட டின் இரண்டைக் காட்டி, "தூக்கிப் போடறதுதான், நீ எட்துகினு போம்மா" என்று கொடுத்திருந்தார். முதல் கலவையில் அவசரப்பட்டுவிட்டாள். மதிய வெயிலில், கைக்கு அகப்பட்ட டம்ளர் நிறையக் கலக்கினாள். பிசின் சூடேறிக் குபுகுபுவென்று புகைந்து, ஸ்பூன் நட்டுக்க நிற்கக் கல்லாகிவிட்டது. அகப்பட்டது சவரிநாதனின் காபி டம்ளர்.

"ஸ்பூனோட குடிக்கணுமா மே?" என்று அன்று சாயந்திரம் முழுக்க அவன் கேட்டுக்கொண்டிருந்தான்.

மறு சனிக்கிழமை, வெயில் தாழ்ந்தபின், சூடு தங்காமல் இருக்க அகலத் தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஊற்றினாள். கத்தி படுகிற ஓரத்தில் மட்டும் ஒரு முழம் வெறும் மரமாக விட்டாள். மேலே எழும்பிய குமிழிகளை ஊது விளக்கின் சுடரால் தடவி உடைத்தாள். பலகை கண்ணாடிபோல் மின்னியது. மேலே கொசுவலையைக் கட்டிவிட்டு, "நாளைக்கு மத்தியானம் வரிக்கும் யாரும் கை வெக்கக்கூடாது" என்றாள். அந்த வீட்டில் அவனைத் தவிர வேறு 'யாரும்' கிடையாது.

ஞாயிறு காலை பூசையில், ஆண்கள் பக்கம் நின்ற சவரிநாதன் இடது கையால் சிலுவை போட்டதை ஐரீன் கவனித்தாள். முதலில் ஏதோ ஞாபகமறதி என்று நினைத்தாள். பிறகு காணிக்கைப் பையையும் இடது கையில் பிடித்துக்கொண்டு, வலது கையைக் கால்சட்டைப் பைக்குள் புதைத்தபடி அவன் வரிசை வரிசையாக வந்தான். அவளுக்கு விஷயம் புரிந்துவிட்டது. முக்காட்டை வாயில் திணித்துக்கொண்டாள். பக்கத்தில் இருந்தவள் ஐரீன் அழுகிறாள் என்று நினைத்து முதுகைத் தடவிக்கொடுத்தாள்.

வீட்டில் கொசுவலையை விலக்கினால், பளிங்கான பூச்சின் மேல் ஐந்து விரல்களும் உள்ளங்கையும் அச்சு அசலாகப் பதிந்திருந்தன.

"கைய காட்டுய்யா."

"வாயு பிடிச்சிகிச்சி."

"காட்டுன்றேன்."

விடியலில் காய்ந்ததா என்று தொட்டுப் பார்த்து, பதறிப்போய்ப் பேப்பரில் துடைத்திருக்கிறான். பேப்பர் கையோடு வந்துவிட்டது. ஐரீன் அந்தக் கையைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பி, உள்ளங்கையில் இருந்த விளம்பரத்தைச் சாபிராவுக்கும் கேட்கும்படி வாசித்தாள்: "கலப்படமற்ற நல்லெண்ணெய். குடும்பத்தார் அனைவருக்கும் உகந்தது."

மூன்று நாள் தேங்காயெண்ணெயில் ஊறித்தான் அது உரிந்தது.

"இன்னொரு பூச்சு ஊத்தி மறைச்சிடு மே. வரவன் போறவன்லாம் கேப்பான்" என்று கெஞ்சினான்.

"பிசின் தீந்து போச்சே" என்றாள் ஐரீன். கட்டிலடியில் அரை டின் இருந்தது.

செங்கல் கால்கள் மேல் மேடை ஏறியது. ஸ்டவ்வுக்கு அடியில் ஒரு கடப்பைக்கல் துண்டு. சவரிநாதன் ஒரு மாசம் மீன் ஆய்ந்தான். முதல் வாரம் செதில் சுவரெல்லாம் பறந்தது, ஒரு கெளுத்தி அவன் கட்டைவிரலைப் பதம் பார்த்தது. மூன்றாம் வாரத்தில் நெத்திலியைக்கூட நேர்த்தியாகக் கிள்ளினான். மாசம் முடிந்தும் ஞாயிற்றுக்கிழமை மீனை அவன் விடவில்லை. நின்றுகொண்டு ஆய்ந்தால் இடுப்பு வலிக்கவில்லை என்று துறைமுகத்தில் நாலு பேரிடம் சொன்னானாம், ஏதோ தானே கண்டுபிடித்த மாதிரி.

சாபிராவுக்கு ஒன்று, கத்திவாக்கத்து ஆவுடையம்மாளுக்கு ஒன்று என்று அடுத்த ஐந்து வருஷத்தில் ஐரீன் பதினோரு பலகைகள் வார்த்துவிட்டாள். பட்டறை முதலாளியின் மனைவியே ஒருநாள் ஆளனுப்பினாள், அடுத்த வாரமே வேண்டுமென்று.

"மழை போவட்டும்னு சொல்லு. ஈரத்துல பிசின் வெளுத்துப்பூடும்" என்று ஆளைத் திருப்பி அனுப்பிவிட்டு, ஐரீன் நின்றபடியே வெங்காயம் நறுக்கப் போனாள்.