தாளம் தட்டிச் சொன்ன ‘மாட்டேன்’

அடையாறில், ஒரு ஸ்பீச் தெரபிஸ்ட்டின் அறையில்...

“உங்க அக்காவுக்குப் பாட்டு வருமா சார்?” என்று கேட்டார் தெரபிஸ்ட்.

நான் வாயைத் திறப்பதற்குள் அக்காவின் கணவர், என் மாமா, முந்திக்கொண்டார். “பாட்டா? இவ கிச்சன்ல பாடுனா குக்கர்கூட பயந்துகினு விசில் அடிக்காது மேடம்!”

அக்கா சிரிக்கவில்லை. முறைத்தாள்.

என் அக்கா உமா அசோக் நகரில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். இந்த வருடத் தொடக்கத்தில் அவளுக்குப் பக்கவாதம் வந்தது. வலது கை பலவீனமாகிவிட்டது. பேச்சு போய்விட்டது. எதைக் கேட்டாலும் “அது... அது...” என்பாள். அதற்கு மேல் வராது.

மாமா தங்கமான மனுஷர். தலை வாரிவிடுவார், ஊட்டிவிடுவார். ஆனால் அவளை வைத்துக்கொண்டே என்னிடம், “பாவம் மச்சான், அவளுக்கு ஒண்ணும் புரியல” என்பார். நாளடைவில் நானும் அவளிடம் குழந்தையிடம் பேசுவதுபோலப் பேச ஆரம்பித்திருந்தேன்.

“பாட்டு வராது மேடம். வாய்ப்பாடு வரும். தினமும் கிளாஸ்ல சொல்ல வைப்பாங்க” என்றேன். (விளையாட்டாகத்தான் சொன்னேன்!)

தெரபிஸ்ட் சிரிக்கவில்லை. அக்காவின் இடது கையைப் பிடித்து, மேசைமேல் மெதுவாகத் தட்டத் தொடங்கினார். ஒரே சீரான தட்டு.

“ஓரெண்டு...”

அக்கா அவர் உதட்டையே பார்த்தாள்.

“ஓரெண்டு...”

“...ரெண்டு.”

மாமா நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்!

“ஈரெண்டு...”

“நாலு.”

அப்புறம் தெரபிஸ்ட் நிறுத்திவிட்டார். அக்கா நிறுத்தவில்லை. மூவிரண்டு ஆறு, நாலிரண்டு எட்டு என்று தானே தட்டிக்கொண்டு போய்க்கொண்டே இருந்தாள். ‘தண்ணீர்’ என்று கேட்கத் தெரியாதவள்!

எனக்கு உடனே எங்கள் குடும்ப வாட்ஸப் குரூப்பில் சுற்றும் ஒரு ஃபார்வர்டு ஞாபகம் வந்தது. ‘தாள ஞானம் உள்ளவர்கள் அதிபுத்திசாலிகள்’. விஞ்ஞானத்தை நேரில் பார்த்துவிட்ட பரவசத்தில் கேட்டேன்.

“அப்போ தாளம் இருந்தா அறிவும் நல்லா இருக்குன்னுதானே மேடம் அர்த்தம்?”

“அவசரப்படாதீங்க சார். வாய்ப்பாடு மனப்பாடம். பேச்சு போனாலும் சில பேருக்கு அது தங்கிடும். சொந்தமா ஒரு வார்த்தை யோசிச்சுச் சொல்றது வேற வேலை. அந்த வேலைக்குத் தாளம் ஒரு கைப்பிடி மாதிரி. எல்லாருக்கும் உதவும்னும் சொல்ல முடியாது.”

“அப்போ அறிவு?”

“அதை எதை வச்சு அளக்குறீங்க? பேச்சை வச்சா?”

அக்கா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்கு ஹோம்வொர்க் கொடுத்தார்கள். அவள் இடது கையைப் பிடித்து மேசையில் தட்டிக்கொண்டே, தண்-ணி-வே-ணும் என்று நாங்கள் சொல்ல வேண்டும், அவள் கூடச் சொல்ல வேண்டும். தரமணியில் வேலை முடிந்ததும் நேராக அவர்கள் வீட்டுக்குப் போய், நான் தட்டினேன்.

எனக்குத் தாளம் சுத்தமாக வராது. (டிசம்பரில் சபாவில் நான் தொடையில் தட்டினால் பக்கத்து சீட்டு மாமி எழுந்து வேறு இடம் பார்ப்பார்!)

அக்கா முகத்தைச் சுளித்தாள். என் கையை உதறினாள். பிறகு என் கையை அவள் பிடித்துக்கொண்டு, சரியான இடத்தில் தட்டிக் காட்டினாள்.

‘ஒண்ணும் புரியல’ என்று நாங்கள் முடிவுகட்டியிருந்தவள், என் தப்பைத் திருத்திக்கொண்டிருந்தாள்!

அடுத்த சில வாரங்களில் ‘தண்ணி’ வந்தது. ‘போதும்’ வந்தது. சில நாள் எதுவுமே வராது, கோபத்தில் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிடுவாள்.

போன வாரம் பள்ளியிலிருந்து ஃபோன். மாமா ஹாலில் நின்று பேசினார்.

“இல்ல மேடம், அவங்களால இனிமே முடியாது. ரிசைன் பண்ணிடுவாங்க. அவங்களுக்கு இதெல்லாம் சொன்னாலும்...”

டைனிங் டேபிளில் அக்காவின் இடது கை ஓங்கித் தட்டியது.

“மாட்-டேன்.”

மாமா திரும்பினார்.

அக்கா மூச்சு வாங்கிக்கொண்டு மறுபடியும் தட்டினாள். “நான்... மாட்-டேன். மாட்-டேன்.”

யாரும் சொல்லிக்கொடுக்காத வார்த்தை. ஹோம்வொர்க்கில் இல்லாத வார்த்தை.

“ஒரு நிமிஷம் மேடம்,” என்றார் மாமா, குரல் உடைந்து. “டீச்சரம்மா இன்னாவோ சொல்றாங்க.”

ஃபோனை வைத்துவிட்டு அவள் எதிரில் போய் உட்கார்ந்தார்.

“இவ்ளோ நாளா நாங்க பேசினது உனக்குப் புரிஞ்சுகினேதான் இருந்துச்சா, உமா?”

அக்கா தட்டினாள். “எல்-லாம்.”

மாமா அழுதார். அழுதுகொண்டே அவர் முகம் வெளுத்தது. (எங்கள் சொந்தபந்தங்களைப் பற்றி அவள் முன்னால் என்னென்ன பேசினோம் என்று யோசித்திருப்பார்!)

ரிசைன் பேச்சு இப்போது இல்லை. லீவை நீட்டித்திருக்கிறார்கள். வகுப்புக்குத் திரும்புவாளா என்று தெரபிஸ்ட் உறுதி சொல்லவில்லை. அக்கா மட்டும் உறுதியாக இருக்கிறாள்.

தாளத்துக்கும் அறிவுக்கும் என்னதான் சம்பந்தம்? ஒன்று இன்னொன்றை வளர்க்குமா, அல்லது உள்ளே இருப்பதற்குக் கதவைத் திறந்துவிடுமா? எனக்கு இன்னும் பிடிபடவில்லை. விவரம் தெரிந்தவர்கள் கமெண்ட்டில் சொல்லுங்கள், நிஜமாகவே கேட்கிறேன்.

இன்று காலை அவளை மயிலாப்பூருக்குக் கூட்டிப்போனேன். மாடவீதியில் மெதுவாக ஒரு நடை, பிறகு ஒரு காபிக் கடை. “ரெண்டு காபி” என்றேன். கடைக்காரர் என்னிடம் கேட்டார்.

“அம்மாவுக்கு சக்கரை போடலாமா சார்?”

அக்காவின் கை கவுண்டரில் தட்டியது.

“என்-னைக்-கே-ளு.”

அவர் பதறிப்போய் அவள் பக்கம் திரும்பினார். “சாரிம்மா! சொல்லுங்க, சக்கரை போடட்டா?”

அக்கா நிதானமாக யோசித்தாள். என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

“கா-பி-வே-ணாம். டீ.”