நான் புதைச்ச மீன் டின்

எங்கட ஆக்கள் செத்தவையை எரிக்கிறவை, புதைக்கிறேல்ல. ஆனா ஒன்பது வயசில, லண்டன் வால்தம்ஸ்டோவில ஒரு வீட்டுப் பின்வளவுக்க, நான் என்ரை கையால ஒண்டைப் புதைச்சிருக்கிறன். புதைச்சது ஒரு மீன் டின். அது உயிரோட இருந்தது எண்டு பிறகுதான் தெரிஞ்சுது.

போன கிழமை பேத்தி போனில ஒரு வீடியோ காட்டினவள். நாலு பெடியள் ஒரு டின்னை உடைச்சுப்போட்டு ஓங்காளிக்கிறாங்கள். சுவீடன் ஆக்களின்ரை புளிச்ச மீனாம். உலகத்திலயே கூட நாறுற சாப்பாடு அதுதானாம். "அம்மம்மா, உங்களுக்கு இதைத் தெரியுமோ" எண்டு கேட்டாள். தெரியுமோவாம். நான் அதைத் தின்னேக்க அவளின்ரை அம்மாவே பிறக்கேல்ல.

அப்ப அந்த வீட்டில கீழ் அறையள் எங்களுக்கு. அம்மா, அப்பா, நான். மேல மாமா இருந்தவர், அம்மாவின்ரை தம்பி. படிக்கவெண்டு வந்து, படிப்பை விட்டிட்டு, ஆஸ்பத்திரியில வேலை செய்த ஒரு சுவீடன்காரியைக் கலியாணம் கட்டினவர். மாமி பனை உயரம். எங்கட வீட்டுக் கதவுநிலை ஒவ்வொண்டிலயும் தலையை இடிச்சு, நெத்தியில எப்பவும் ஒரு சிவப்பு. அதைப் பொட்டு எண்டு நினைச்சுத்தான் அம்மா அவவை வீட்டுக்க விட்டவ எண்டு நான் எல்லாரிட்டையும் சொல்லுறனான். பொய்தான். ஆனா நல்ல பொய்.

குசினி ரெண்டு பேருக்கும் ஒண்டுதான். அம்மாவுக்கு இங்கிலீஷ் வராது. மாமிக்குத் தமிழில "வாங்கோ", "சாப்பிடுங்கோ", "காணும்" எண்ட மூண்டும்தான் தெரியும். அந்த மூண்டோடயே ஒரு யாழ்ப்பாணத்து வீட்டில கனகாலம் தப்பிப் பிழைக்கலாம் எண்டது வேற கதை. மிச்சக் கதையை ரெண்டு பக்கமும் காவித் திரியிறது நான். பள்ளிக்கூடத்தில எனக்கு ஒண்டும் ஏறேல்ல, பதினஞ்சு வயசில நானும் பள்ளிக்கூடமும் சந்தோசமாப் பிரிஞ்சிட்டம். ஆனா இந்த வேலையில நான் கெட்டிக்காரி. ஒரு பக்கம் சொல்லுறதுக்குக் கொஞ்சம் சீனி போட்டுத்தான் மற்றப் பக்கம் குடுப்பன். "இவ்வளவு பெரிய உருவத்துக்கு ஒரு சட்டி கழுவத் தெரியாதோ எண்டு கேள்" எண்டு அம்மா சொல்லுவா. நான் மாமியிட்டை, "அம்மா உங்களை டீ குடிக்கட்டாம்" எண்டுவன். மாமி முகமெல்லாம் சிரிப்பா, "தாங்க்யூ அக்கா" எண்டுவா. ஏசியும் சிரிக்கிறாளே, தங்கமான பிள்ளை எண்டு அம்மா நினைப்பா. வீடு நல்லாத்தான் ஓடினது.

ஆடி மாசம் மாமிக்கு ஒரு பார்சல் வந்தது. பிரிச்சால் உள்ளுக்க ஒரே ஒரு டின். கடிதம் இல்லை. மாமி பார்சல் கடுதாசியை உதறிப் பாத்தா, பிரட்டிப் பாத்தா, பிறகு டின்னைத் தூக்கி நெஞ்சோட வைச்சுக்கொண்டு மேல போனா.

அண்டைக்கு மாமா குசினியில அம்மாவோட கதைச்சதை நான் மேசைக்குக் கீழ இருந்து கேட்டனான்.

"அவளின்ரை அப்பர் அனுப்பினது, அக்கா. கலியாணத்துக்குப் பிறகு ஒண்டரை வருசமா ஒரு சொல்லும் இல்லை."

"கறுப்பன் எண்டே?"

"கறுப்பன் எண்டு சொல்லேல்ல. லண்டன் தூரம் எண்டு சொன்னவர்."

"நல்ல மனுசன். எங்கட அம்மா நேராத்தான் சொன்னவ."

எனக்கு அதில ஒண்டும் விளங்கேல்ல. சுவீடன் தூரம்தானே எண்டு நினைச்சன்.

மாமி அந்த டின்னை மாடிப்படிக்குக் கீழ இருந்த அலுமாரியில வைச்சா. காலமை வேலைக்குப் போக முதல் கதவைத் திறந்து, மூடியைத் தடவிப் பாத்து, சிரிச்சுப்போட்டுப் போவா. என்னைப் பக்கத்தில இருத்திக் கதையெல்லாம் சொன்னவ. வடக்குப் பக்கத்துக் கடல், மாமியின்ரை அப்பா மீன் பிடிக்கிறவர். எங்கட சூடை மாதிரி ஒரு மீன், வசந்த காலத்தில சினையோட பிடிச்சு, கொஞ்ச உப்பில பீப்பாவுக்க போட்டுப் புளிக்க விட்டு, பிறகு டின்னில அடைக்கிறது. ஆவணியில மூண்டாவது வியாழக்கிழமைதான் முதல் டின் உடைக்கிற நாள். அதுக்கு முதல் விக்கக்கூடாது எண்டு சட்டமே இருக்காம். வீட்டுக்க உடைக்கிறேல்லையாம். வெளியில நீட்டு மேசை போட்டு, சொந்தம், அயல் எல்லாம் கூடி, உருளைக்கிழங்கு, வெங்காயம், மெல்லிய ரொட்டியோட சாப்பிடுறதாம். "அந்த மேசைக்கு அப்பா ஒராளைக் கூப்பிடேல்ல எண்டால், அந்த ஆளோட அவர் கோவம். போன வருசம் என்னைக் கூப்பிடேல்ல" எண்டா மாமி. சொல்லிப்போட்டு அலுமாரிப் பக்கம் பாத்தா.

ஆனா டின் வீங்கத் தொடங்கியிட்டுது. மேல் மூடி பால்சொதி பொங்கின மாதிரி எழும்பி நிண்டது. அம்மா அதைக் கண்டிட்டா.

"பிள்ளை, வீங்கின டின் நஞ்சு. ஒரு வீட்டில மூண்டு பேர் திண்டு மூண்டு பேரும் சரி. உவவிட்டைச் சொல்லு, கொண்டுபோய் எறியச் சொல்லி."

அடுத்த நாள் அம்மா அதே கதையைச் சொல்லேக்க செத்தது நாலு பேர். கிழமை முடியேக்க அந்த வீட்டில விருந்தாளியளும் செத்திட்டினம்.

நான் மாமியிட்டைப் போனன். மாமி டின்னைக் கையில வைச்சுக்கொண்டு, குழந்தைப் பிள்ளையின்ரை கன்னத்தைத் தட்டுற மாதிரி மூடியைத் தட்டிக்கொண்டு நிண்டா. அந்த முகத்தைப் பாத்து நஞ்சு எண்டு எப்பிடிச் சொல்லுறது? "அம்மாவுக்கு உங்கட டின் நல்ல விருப்பமாம்" எண்டன்.

மாமிக்குக் கண் கலங்கியிட்டுது. "அப்ப அக்கா எனக்குப் பக்கத்தில இருக்கவேணும். நான் ரொட்டியைச் சுத்தி என்ரை கையால குடுக்கிறன், சொல்லு" எண்டா.

நான் குசினிக்குப் போய், "மாமி யோசிச்சுப்போட்டு எறியிறாவாம்" எண்டு சொன்னன்.

இப்ப பாருங்கோ, டின் நஞ்சு எண்டதும் தெரியும், மாமி அதைத் தின்னத்தான் போறா எண்டதும் தெரியும். ரெண்டும் தெரிஞ்ச ஒரே ஆள் அந்த வீட்டில நான். எனக்குப் படுக்க ஏலேல்ல. மாமி செத்தால் எனக்குத் தலை பின்னிவிட ஆர் இருக்கினம்? அம்மா பின்னினால் கண் மேல இழுபடும். பள்ளிக்கூட விடுமுறைக் காலம். புதன்கிழமை அப்பா ஷிப்ட், அம்மா மேல குளிக்கிறா. டின்னைத் தூக்கிக்கொண்டு வளவுக்கு ஓடினன். அப்பா உருளைக்கிழங்கு நட்ட பாத்தியில மண் இளக்கமா இருந்தது. கையால தோண்டி வைச்சு மூடி, மேல ஒரு செவ்வந்திப் பூவும் வைச்சன். தேவாரம் முழுக்க வராது, ரெண்டு வரி பாடினன்.

வியாழக்கிழமை வந்தது. மாமி லீவு எடுத்திட்டா. அம்மாவின்ரை தோசைக்கல்லை வாங்கி, பார்லி மாவில கடுதாசி மாதிரி ரொட்டி சுட்டா. வளவுக்க மேசையைப் போட்டு, வெள்ளை விரிப்பு விரிச்சு, வெங்காயம் வெட்டி, மாமாவுக்கு ஒரு சின்னப் போத்தலும் வைச்சா. நீலச் சட்டை போட்டிருந்தா. கலியாணப் படத்தில அவ போட்டிருந்த அதே சட்டை. பிறகு டின் எடுக்கப் போனா.

அலுமாரியில இருந்த சூட்கேசுகள், குடை, சப்பாத்து எல்லாத்தையும் வெளியில இழுத்துப் போட்டா. டின் இல்லை. மாடிப்படியில இருந்திட்டா. அழேல்ல. கையை மடியில வைச்சுக்கொண்டு, பஸ் தவறவிட்ட ஆள் மாதிரி இருந்தா.

மாமா நேர குசினிக்குப் போனார்.

"அக்கா, எங்க டின்?"

"எனக்கென்ன தெரியும்? எறியச் சொல்லிச் சொன்னனான். எறிஞ்சிருப்பா."

"அவளுக்கு அந்த மனுசன் ஒண்டரை வருசத்தில அனுப்பின ஒரே சாமான் அது. உங்களுக்கு அவளைப் பிடிக்காட்டி நேர சொல்லுங்கோ. நாங்கள் வேற வீடு பாக்கிறம்."

அம்மா என்னைப் பாத்தா. என்ரை நகத்துக்க மண். காலில மண். அம்மா என்னைக் காட்டிக்குடுக்கேல்ல. மாமா சொன்னதை எல்லாம் அப்பிடியே கேட்டுக்கொண்டு, அடுப்பை நிப்பாட்டிப்போட்டு நிண்டா. அதுதான் எனக்குத் தாங்கேல்ல. அடிச்சிருந்தால் சமாளிச்சிருப்பன்.

நான் மாடிப்படிக்கு ஓடிப்போய் மாமியின்ரை சட்டையைப் பிடிச்சுக்கொண்டு எல்லாத்தையும் கொட்டினன். நான்தான் புதைச்சனான். அதைத் திண்டால் நீங்கள் செத்துப்போவீங்கள். அம்மாவுக்கு அந்த டின் விருப்பம் எண்டு நான் சொன்னது பொய். நீங்கள் எறியிறன் எண்டு சொன்னதெண்டு அம்மாவிட்டைச் சொன்னதும் பொய். டீயும் பொய்.

மாமா அதை அம்மாவுக்குத் தமிழில சொன்னார், முதல்தரமாச் சீனி போடாமல். மாமி தனக்குப் பக்கத்தில அம்மாவுக்கெண்டு ஒரு கதிரை வைச்சிருக்கிறா எண்டதைக் கேட்டிட்டு அம்மா வளவுக்க எட்டிப் பாத்தா. வெள்ளை விரிப்பு மேசையில ஒரு கதிரையில மட்டும் மெத்தை போட்டுக் கிடந்தது.

மாமி என்னை மடியில தூக்கி வைச்சு, டின் வீங்கினால்தான் மீன் பதமா வந்திருக்கு எண்டு விளங்கப்படுத்தினா. வீங்காட்டித்தான் பயமாம். சிரிக்கிறாவோ அழுறாவோ எண்டு எனக்குச் சொல்லத் தெரியேல்ல.

இப்ப டின்னை எடுக்கவேணும். எங்க புதைச்சனான் எண்டது எனக்கே மறந்துபோச்சு, செவ்வந்திப் பூவைக் காத்துக் கொண்டுபோட்டுது. மாமா மண்வெட்டியைத் தூக்க மாமி பாய்ஞ்சு பறிச்சா. குத்துப்பட்டால் வெடிக்குமாம். கையாலதான் கிளறவேணும். முதல் இறங்கினது அம்மா. சீலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பாத்திக்க முழங்காலில இருந்திட்டா. பக்கத்தில மாமி, கலியாணச் சட்டையோட. மாமா, நான். நாலு பேரும் மண்ணைக் கிளறக் கிளற, அப்பாவின்ரை முத்தாத உருளைக்கிழங்கெல்லாம் குஞ்சு குஞ்சா வெளியில வந்தது. டின்னைக் கண்டது அம்மாதான். ரெண்டு கையாலயும் தூக்கி, சீலைத் தலைப்பால மண்ணைத் துடைச்சு, மாமியிட்டைக் குடுத்தா.

"சாப்பிடுங்கோ" எண்டா மாமி. அவவுக்கு வேற தமிழ்ச் சொல்லு வரேல்ல.

வாளித் தண்ணிக்க டின்னை அமத்தி, மேல துவாய் போட்டு, மாமி ஓட்டை போட்டா. புஸ் எண்டு ஒரு சத்தம். பிறகு வந்தது பாருங்கோ ஒரு மணம். கருவாடு அதுக்கு முன்னால மல்லிகைப்பூ. மாமா வேலி வரைக்கும் போயிட்டார். மாசி மாசம் அம்மா கருவாடு பொரிச்சதுக்கு, பக்கத்து வீட்டுக் கிழவர் வீட்டுக்காரனிட்டைச் சொல்லி, இன்னொருக்கால் மணந்தால் வீட்டை விட்டு எழும்பவேணும் எண்டு எச்சரிக்கை வாங்கித் தந்திருந்தவர். அவர் மூக்கைப் பொத்திக்கொண்டு வேலிக்கு மேலால எட்டினார்.

"பிள்ளை, சொல்லு அவருக்கு. இது எங்கட இல்லை, உங்கட பக்கத்துச் சாப்பாடு எண்டு" எண்டா அம்மா.

அந்த ஒண்டை நான் சொல்லுக்குச் சொல்லு அப்பிடியே சொன்னன். கிழவர் மாமியைப் பாத்தார், அவவின்ரை வெள்ளைத் தலைமயிரைப் பாத்தார், போய் யன்னலைச் சாத்தினார். அம்மா அண்டைக்குச் சிரிச்ச மாதிரி லண்டனில முதல் ஒருநாளும் சிரிக்கேல்ல.

ரொட்டியில பட்டர் பூசி, அவிச்ச கிழங்கு, வெங்காயம், அதுக்கு மேல சாம்பல் நிற மீன் துண்டு. சுத்தி அம்மாவின்ரை வாயில வைச்சா மாமி. நாங்கள் மூச்சை அடக்கிக்கொண்டு நிண்டம். அம்மா ஆறுதலாச் சப்பினா.

"புளி சரி. உறைப்புத்தான் இல்லை."

எழும்பிப்போய்ப் பச்சை மிளகாயும் தேசிக்காயும் கொண்டுவந்தா. அதுக்குப் பிறகு அவை ரெண்டு பேரும் கதைச்சதுக்கு நான் தேவைப்படேல்ல. எனக்கு வேலை போயிட்டுது. நானும் ஒரு துண்டு திண்டன். வாயை விட மூக்குத்தான் கஷ்டப்பட்டது. அப்பா ஷிப்ட் முடிஞ்சு வந்து வாசலிலேயே நிண்டு, "ஆர் செத்தது?" எண்டு கேட்டார். பிறகு தன்ரை பாத்தியைக் கண்டார். அதைப் பற்றி இஞ்ச எழுதேல்ல.

அடுத்த நாள் மாமி அந்த வெறும் டின்னை மூண்டுதரம் சுடுதண்ணியில கழுவி, வெயிலில காய வைச்சு, பார்சல் கட்டினா.

"கடிதம் வைக்கேல்லையே?" எண்டார் மாமா.

"அவர் வைச்சவரே?" எண்டா மாமி.

வெறும் டின்னைத் தபாலில அனுப்புற பைத்தியத்தை நான் அண்டைக்குத்தான் கண்டன். ஒட்டத் துடைச்சுத் திண்டிட்டன் எண்டு காட்டுறாவாக்கும் எண்டு நினைச்சன்.

அடுத்த ஆடியில திரும்பப் பார்சல் வந்தது. இந்தமுறையும் கடிதம் இல்லை. உள்ளுக்க ரெண்டு டின். மாமி ஒண்டைத் தான் எடுத்தா. மற்றதை, இது உங்களுக்கு எண்டு, மாமாவின்ரை கையில குடுத்தா. மாமா அதை மடியில வைச்சுக்கொண்டு மாடிப்படியில இருந்து, மூடியைத் தடவித் தடவி, மூக்கை உறிஞ்சி உறிஞ்சி அழுதார். அவ்வளவு பெரிய மனுசன். நான் கிட்டப் போய் டின்னை வடிவாப் பாத்தன். பிறகு அவரின்ரை முதுகைத் தடவி, இன்னும் ரெண்டு கிழமை பொறுங்கோ மாமா, நல்லா வீங்கும் எண்டு சொன்னன்.