வந்தால் பச்சை, போனால் சிவப்பு

எண்பதுகளின் நடுவில் நான் காரைக்காலில் ஒரு பெண்கள் பள்ளியில் அறிவியல் டீச்சர். நாலு வருஷமாக ஓம் விதியைக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். அதை வைத்து ஒரு விளக்கைக்கூட எரியவைத்ததில்லை.

தலத்தெருவில் எங்கள் பக்கத்து வீட்டில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர்களை ஊரில் அப்படித்தான் சொல்வோம். பிரான்சில் இருந்த அவருடைய மகள் அந்த வருஷம் ஒரு பொம்மை ரயில் கொண்டுவந்து கொடுத்திருந்தாள். கிறிஸ்துமஸ் குடிலுக்கு அது போய் வரவேண்டும் என்பது அவர் ஆசை. ரயில் ஓடியது. சிக்னல் கம்பத்தின் இரண்டு குட்டி பல்புகளும் எரியவில்லை. ரேடியோ ரிப்பேர்க்காரர் பார்த்துவிட்டு, “இது அங்கேருந்துதான் வரணுங்க” என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

சொல்தாவின் முகம் வாடிப்போனதைப் பார்த்து நான் வாயை விட்டுவிட்டேன். “நான் போட்டுத் தர்றேங்க. வண்டி குடிலுக்கு வர்றப்ப பச்சை, போறப்ப சிவப்பு எரியும்.”

“நெசமாவா டீச்சர்?” என்றார் அவர் மனைவி. பின்வாங்க வழியில்லை.

சனிக்கிழமை நாகப்பட்டினம் பஸ் பிடித்துப்போய் சிவப்பு, பச்சை எல்இடி விளக்குகள் சில வாங்கினேன். வந்த வேகத்தில் ஒன்றை ரயிலின் கண்ட்ரோல் பெட்டியோடு நேராக இணைத்தேன். ஒரே ஒரு மின்னல். அவ்வளவுதான், கருகிவிட்டது.

“போனாப் போவுது, வுடுங்க டீச்சர்” என்றார் அந்த அம்மா. எனக்கு மானம் போயிற்று. மின்தடை என்கிற ரெசிஸ்டன்ஸைப் போடாமல் சர்க்யூட் படம் வரைந்தால் மார்க் குறைக்கிறவள் நான்!

தாளை எடுத்தேன். பெட்டி தருவது பன்னிரண்டு வோல்ட். விளக்குக்கு இரண்டு போதும். மீதிப் பத்தை மின்தடை தாங்கவேண்டும். இருபது மில்லிஆம்பியர் ஓடினால் போதும்; கணக்கு ஐந்நூறு ஓம் என்றது. பயத்தில் ஐந்நூற்று அறுபது போட்டேன்.

எல்இடியில் மின்சாரம் ஒரு பக்கமாகத்தான் போகும். மின்சாரத்தின் திசையை மாற்றினால்தான் அந்த ரயிலும் பின்னால் ஓடும். ஆகவே பச்சையையும் சிவப்பையும் தலைமாற்றி ஒன்றோடொன்று சேர்த்துக் கம்பத்தில் பொருத்தி, அந்த ஒற்றை மின்தடை வழியாக, மின்சாரம் ஓடும் தண்டவாளத்தோடு இணைத்தேன். ஈயம் பற்றவைக்கும் இரும்பை அதே ரேடியோக்காரரிடம்தான் இரவல் வாங்கினேன். சிரித்துக்கொண்டே கொடுத்தார்.

கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் சாயங்காலம். ஜன்னல்களைச் சாத்தியிருந்தார்கள். பாதித் தெரு கூடத்தில் இருந்தது; ரேடியோக்காரரும் வந்திருந்தார். சொல்தா குமிழைத் திருப்பினார். ரயில் குடிலை நோக்கி நகர, கம்பத்தில் பச்சை எரிந்தது. ரயிலை நிறுத்தி, எதிர்ப்பக்கம் திருப்பினார். பச்சை அணைந்து, சிவப்பு பளிச்சென்று எரிந்தது.

கூடமே கைதட்டியது. சொல்தா எழுந்து, விறைப்பாக நின்று எனக்கு ஒரு சல்யூட் அடித்தார். “த்ரே பியேன், டீச்சர்!” என்று பிரெஞ்சிலேயே பாராட்டினார்.

ரேடியோக்காரர் கம்பத்தருகே குனிந்து உட்கார்ந்துவிட்டார். “ஒத்த ரெசிஸ்டன்ஸ்லயா ரெண்டும் எரியுது? எப்படிங்க?”

தாளில் வரைந்து காட்டினேன். கண்ணெடுக்காமல் கேட்டார். அதற்குள் சொல்தா கண்ட்ரோல் பெட்டியை என் மடியில் வைத்துவிட்டார். நடுராத்திரிப் பூசைக்கு மாதா கோயில் மணி அடிக்கும்வரை ரயிலை நான்தான் ஓட்டினேன்.