ஒருவர் உள்ளே இருக்கிறார்

இதில் ஒரு சொல்லைக்கூட நான் கூட்டிச் சொல்லவில்லை. கூட்டிச் சொல்ல எனக்குத் தைரியமும் இல்லை. போன மாரியில், மருதமுனையில், என் வீட்டு மேல்மாடி அறையில் நடந்தது. நள்ளிரவில் அல்ல. அஸர் தொழுதுவிட்டு வந்த பின்னேரத்தில்.

நாங்கள் ஐந்தாறு கூட்டாளிகள் சேர்ந்து ஒரு கொம்பியூட்டர் கேம் விளையாடுவோம். காடு வெட்டி ஊர் கட்டும் விளையாட்டு. அதன் சேர்வர் என்னிடம்தான் இருந்தது. பழைய கொம்பியூட்டர் ஒன்றில் லினக்ஸ் போட்டு, இரவு பகலாக ஓடவிட்டிருந்தேன். புது அப்டேட் வந்தால் சேர்வர் தானாகவே நின்று, அப்டேட் செய்துகொண்டு மீண்டும் எழும்பும். அதற்கு நான் எழுதிய ஸ்கிரிப்டில் ஒரே ஒரு நிபந்தனை. யாராவது உள்ளே விளையாடிக்கொண்டிருந்தால் நிற்பாட்டக்கூடாது.

அன்று கத்தாரிலிருந்து ஜெஸீம் கோல் எடுத்தான்.

"மச்சான், அப்டேட் வந்து மூணு நாளாகிட்டு. எங்களுக்கு உள்ளுக்கு வர ஏலாம இரிக்கி. உன்ட சேர்வர் இன்னும் பழசிலதான் நிக்கிது."

"அது தானா நடக்குமேடா."

"நடக்கல்லயே. பாரு."

பார்த்தேன். மணிக்கொரு தடவை ஸ்கிரிப்ட் முயன்றிருந்தது. ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்.

ஒருவர் உள்ளே இருக்கிறார். அப்டேட் தள்ளிவைக்கப்பட்டது.

பெயரைப் பார்த்தேன். கேதீஸ்.

பாண்டிருப்புக் கேதீஸ்வரன். எங்கள் கூட்டாளிதான். மூன்று நாட்களுக்கு முன் பெரியநீலாவணையில் மோட்டார் சைக்கிள் விபத்து. மட்டக்களப்பில் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தான். நான் இன்னும் போய்ப் பார்க்கவில்லை. மழை, கடையில் வேலை என்று எனக்கு நானே சாட்டுச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அவன் கடைசியாக விளையாடிய தொடர்பு அறாமல் தொங்கி நிற்கிறது என்றுதான் நினைத்தேன். அப்படி நடப்பதுண்டு.

வெளியிலிருந்து வரும் தொடர்புகளைத் தேடினேன். ஒன்றுகூட இல்லை.

ரவுட்டர் வயரைக் கழற்றினேன்.

ஒருவர் உள்ளே இருக்கிறார்.

கேமில் அவன் எங்கே நிற்கிறான் என்று சேர்வரிடம் கேட்டேன். இடத்தின் இலக்கங்கள் வந்தன. மறுபடி கேட்டேன்.

இலக்கங்கள் மாறியிருந்தன.

நடக்கிறான்...

வெளியே தகரத்தில் மழை அடித்தது. கொம்பியூட்டர் ஃபேன் விர்ரென்று இரைந்தது. மறுபடியும் ஜெஸீமின் ஃபோன்.

"என்னடா, முடிஞ்சா?"

"பொறு."

"ஆள் நிண்டா வெட்டி உடுடா!"

திரையில் ஒரு வரி வந்தது.

கேதீஸ்: ஜவாத்... இருட்டா இருக்கு.

கழற்றிய ரவுட்டர் வயர் என் மடியில் கிடந்தது.

கேதீஸ்: நிப்பாட்டாத.

வேறு யாரோ அவனுடைய கணக்கில் புகுந்திருக்கிறார்கள் என்று நினைத்ததாகப் பிறகு ஜெஸீமிடம் சொன்னேன். பொய். நான் எதையும் நினைக்கவில்லை. பயந்தேன். அவ்வளவுதான்.

சேர்வரை நிற்பாட்டும் கட்டளையை அடித்தேன்.

கேதீஸ்: டேய்...

என்டரைத் தட்டினேன்.

ஃபேனின் இரைச்சல் அடங்கியது.

பொழுதுபட்டு, மழைக்குள் மஃரிப் பாங்கு கேட்டது.

வயரைக் கொழுவினேன். அப்டேட் ஒரு தடையும் இல்லாமல் ஓடி முடிந்தது. உள்ளே யாரும் இல்லை. "வந்துட்டம் மச்சான்!" என்று ஜெஸீம் சத்தம் போட்டான்.

இஷாத் தொழுகைக்கு முன்னரே அடுத்த கோல். கேதீஸின் தங்கச்சி சிவரூபினி. அவளால் கதைக்க முடியவில்லை. அழுகையிலேயே விளங்கிவிட்டது.

அடுத்த கிழமை அவர்கள் வீட்டுக்குப் போனேன். அவளே தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தாள்.

"ஜவாத் அண்ணா, ஒண்டு கேக்கணும். ஆஸ்பத்திரியில அண்ணா கண் துறக்கவே இல்ல. ஆனா இடது கையில மூணு விரல் மட்டும் அசைஞ்சிக்கிட்டே இருந்திச்சி. ராப்பகலா. டொக்டர் அது நரம்பு இழுக்கிறது எண்டார். கடைசி நாள், பொழுதுபடக்குள்ள... டக்கெண்டு நிண்டுபோச்சி. அதோட ஆளும் போயிட்டார்."

கதிரைக் கையில் தன் இடது கையின் மூன்று விரல்களை வைத்து, அசைத்துக் காட்டினாள்.

நடுவிரல் மேலே எட்டித் தட்டியது. மோதிரவிரல். பிறகு சுட்டுவிரல். மறுபடியும் நடுவிரல்.

எங்கள் கேமில் நடப்பதற்கு, இடது கையால் கீபோர்டில் அழுத்தும் கீகள்.

"இது என்னண்டு உங்களுக்குத் தெரியுமா அண்ணா?"

"தெரியாது தங்கச்சி" என்றேன்.